மூன்று கிட்டார்களும் என் வீட்டுக்காரர் காதும்

என் வீட்டுக்காரர் வீரமுத்துவிடம் மூன்று கிட்டார்கள் இருக்கின்றன. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. நிறத்தை எடுத்துவிட்டால் மூன்றும் ஒரே கிட்டார்தான். ஒரே உருவம், ஒரே நீளம், அதே ஆறு கம்பி. இதை நான் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், இட்லியும் தோசையும் ஒன்றுதானே என்று கேட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார். ஒரே மாவுதானே என்று நானும் விடமாட்டேன்.

மூன்றும் 'சிங்கிள் காயில்' கிட்டார்களாம். கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியிருப்பார்களாம். மேலே கம்பி அதிர்ந்தால் இந்தச் சுருள் அதைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிக்கு அனுப்புமாம். சுற்று குறைந்தால் சத்தம் மெலிந்து மினுங்கும், கூடினால் தடிக்கும். சிவப்பு ஜப்பானில் செய்தது, உச்சியில் அவ்வளவு தெளிவு. வெள்ளை மெக்சிகோவில் செய்தது, யார் வம்புக்கும் போகாத நடுவாந்திரம். கறுப்பு இந்தோனேசியாவில் செய்தது, அதை இவரே பிரித்துச் சுற்று கூடிய காயில் போட்டார், அதனால் நடுவில் கனமாக நிற்கும். இந்தப் பாடமெல்லாம் கல்யாணம் ஆன மூன்றாம் நாளே எனக்குத் தொடங்கிவிட்டது. அப்போது சிவப்பு மட்டும்தான் இருந்தது, மற்ற இரண்டும் அந்த வருஷத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தன. கம்பெனிப் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. என் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டது போதாதா, விளம்பரம் வேறு வேண்டுமா அவர்களுக்கு?

அதோடு விட்டால் பரவாயில்லை. இந்த ஒற்றைச் சுருள் கிட்டாருக்கு அக்கம்பக்கத்து மின்சாரத்தையெல்லாம் இழுத்து 'ம்ம்ம்' என்று முனகும் குணம் உண்டு. டியூப் லைட் எரிந்தால் முனகும், காற்றாடி சுற்றினால் முனகும். அதனால் இவர் வாசிக்க உட்கார்ந்தால் வீடே இருட்டாகிவிடும். "தனம், அடுப்படி லைட்ட அணைச்சிடு" என்று கூடத்திலிருந்து குரல் வரும். கைப்பேசி வெளிச்சத்தில் நான் வெங்காயம் நறுக்கிய நாட்களுக்குக் கணக்கில்லை. மசாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்கே தெரியும், எங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

முனகலை அடக்க இன்னொரு வழியும் வைத்திருந்தார். கிட்டாரோடு மெதுவாகத் திரும்பிக்கொண்டே போனால் ஏதோ ஒரு திசையில் அது அடங்கிவிடும். ஒரு வருஷம் கோவில் திருவிழாவில் கோபுரம் முழுக்கச் சீரியல் லைட் போட்டிருந்தார்கள். இவருக்கு முனகல் அடங்கிய திசை, அம்மனுக்கு முதுகு காட்டும் திசை. ஒன்றரை மணி நேரம் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மன் பாட்டாக வாசித்துத் தள்ளினார். கோவில் தலைவர் என்னிடம் வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு அம்மாமேல என்ன கோவம்?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? அம்மன் பக்கம் கரண்டு அதிகம் என்றேன்.

இவர் லாயாங் லாயாங் என்ற ஊரில் பிறந்து, வேலைக்காகப் பாசிர் கூடாங் வந்தவர். ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக ஷிப்ட் வேலை. ராட்சதக் காற்றழுத்த இயந்திரங்கள் ஓடும் பகுதி. காதில் அடைப்பான் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஆனால் இடுப்பில் தொங்கும் வாக்கி டாக்கியில் சூப்பர்வைசர் பேசுவது கேட்க வேண்டுமே? அதற்காக இவரும் இவர் கூட்டாளிகளும் இடது காது அடைப்பானைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். கிட்டார் பெட்டிக்குள் ஈரம் தங்கக் கூடாதென்று மாதம் ஒரு முறை மருந்துப் பொட்டலம் மாற்றுகிற மனிதர் தன் காதைத் திறந்து போட்டுக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓய்வு நாட்களில் 'நீலமலர்' இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பார். குழுவின் தலைவர் தயானந்தன், ஓய்வுபெற்ற ஆசிரியர், கீபோர்டு வாசிப்பவர், யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். எல்லோரும் மாஸ்டர் என்போம். கச்சேரிக்கு முன்னால் பாடகர்களின் மைக் முதல் தபேலா வரை எல்லாச் சத்தத்தையும் சரிபார்ப்பது என் வீட்டுக்காரர்தான். "வீரமுத்துவின்ட காது சொன்னால் சரி" என்பார் மாஸ்டர். அந்த ஒரு சொல்லுக்காக இவர் வருஷம் முழுக்கச் சோறு தண்ணீர் இல்லாமல் வாசிப்பார்.

இவர் காதின் புகழ் தீபாவளிக்குத் தீபாவளி ஏறிக்கொண்டே போனது. எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே சோதனை வைப்பார்கள். இவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி திரும்பி உட்காருவார். பின்னால் எங்கள் மகள் லோஷினி மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்து வாசிப்பாள். "சிவப்பு" என்பார். சிவப்பாகவே இருக்கும். "வெள்ள." அதுவும் சரி. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கைதட்டி, "பாண்டாய்! பாண்டாய்!" என்று கெட்டிக்காரப் பட்டம் கொடுப்பார். ஒரு தடவைகூடத் தப்பினது கிடையாது. எல்லாம் ஒரே சத்தம்தானே என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். விருந்தாளிகள் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் லோஷினி சிங்கப்பூரில் வேலைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்கப் போவதாகச் சொன்னாள். தினமும் எல்லைப் பாலம் தாண்டி நாலு மணி நேரம் சாலையில் கழிகிறது, பிள்ளை பாதியாகிவிட்டாள். அங்கே வேலையிடத்து நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கப் போகிறாளாம்.

"ப்பா, மூணுல ஒண்ணு எனக்குத் தர்றீங்களா?" என்று கேட்டாள். 

"எது வேணும்?" 

"நீங்க எது குடுத்தாலும் ஓகேலா."

அவ்வளவுதான், மனிதருக்குத் தூக்கம் போயிற்று. எதைக் கொடுப்பது? வேலை விட்டு வந்ததும் மூன்றையும் சோபாவில் வரிசையாகச் சாய்த்து வைத்து, மாற்றி மாற்றி வாசிப்பார். இரண்டு வாரம் ஆயிற்று. நாளுக்கு நாள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "சிவப்புல காந்தம் செத்துப் போச்சு போல தனம், சத்தமே மினுங்க மாட்டேங்குது" என்றார். கம்பி மாற்றினார். ஒயர் மாற்றினார். கறுப்பைப் பிரித்து ஈயம் வைத்தார், என் மேசை விரிப்பில் ஓட்டை விழுந்தது. கடைசியில் வீட்டுக்கு வரும் மின்சாரமே சரியில்லை என்று வாரியத்துக்குப் புகார் எழுதக் கிளம்பியவரை நான்தான் பேனாவைப் பிடுங்கி நிறுத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் செனாயில் ஒரு கல்யாண விருந்து. சிவப்பு கிட்டாரில் சத்தம் மினுங்கவில்லையென்று இவர் ஆம்ப் பெட்டியில் ட்ரெபிளைத் திருகினார், மேலும் திருகினார், கடைசி வரைக்கும் திருகினார். ட்ரெபிள் என்பது உச்சிச் சத்தம். மண்டபத்தில் இருந்தவர்கள் பாவம், என்ன பாவம் செய்தார்களோ! முதல் மேசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா இரண்டு காதிலும் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகைதான் கொஞ்சம் இதமாக இருந்தது.

மாஸ்டர் மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே பேசினார்.

"வீரமுத்து, குறை நினைக்காதேங்கோ. நேற்றைக்கு உச்சி காதைக் குத்தினது. முந்தின கச்சேரியிலையும் அப்பிடித்தான்."

"மாஸ்டர், உச்சியே இல்ல மாஸ்டர் அதுல. நான் இன்னும் ஏத்தணும்னுல்ல நெனச்சேன்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். "வாற சனிக்கிழமைக் கச்சேரியும் செனாயிலதான். அதையும் பாப்பம். சரிவராட்டி நான் வேற ஆளைத்தான் பாக்கோணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். இவர் அன்று கிட்டாரைத் தொடவில்லை. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிய, வீடு யாரோ வீடு மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை இவர் சீருடையைத் துவைக்கப் போட்டேன். சட்டைப் பையில் ஒரு கடிதம். நான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாள் முழுக்க மலாய்ப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவள், படிக்கத் தெரியாதா? வருடாந்திரக் காதுப் பரிசோதனையில் தேறவில்லை. உச்சிச் சத்தங்கள் இரண்டு காதிலும் கேட்கவில்லை, இடது காது படுமோசம். சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து இயந்திரப் பகுதியில் வேலை இல்லை, பகல் நேர அலுவலக வேலை. கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"என்னங்க இது?" என்று முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"மெஷினு ரோசாக்" என்றார். 

"கெட்டுப் போனது மெஷினா? போன வருஷம் எப்படிப் பாஸ் பண்ணீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பொண்ணு முழங்கையப் பாத்து."

"எந்தப் பொண்ணு?"

எந்தப் பெண் என்பதிலேயே பத்து நிமிஷம் போயிற்று. கடைசியில் விஷயம் வெளியே வந்தது. வருஷா வருஷம் தொழிற்சாலைக்கு ஒரு வண்டி வரும். அதற்குள் சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டி உட்கார வைப்பார்கள். 'பீப்' சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சன்னலுக்கு வெளியே கருவியை இயக்கும் பெண் பொத்தானைத் தட்டும்போது அவள் முழங்கை லேசாக அசையுமாம். முழங்கை அசைந்தால் அழுத்து. மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை. அந்தப் பகுதி ஆட்கள் எல்லோரும் வருஷக்கணக்காக ஒரு முழங்கையைப் பார்த்துத்தான் தேறியிருக்கிறார்கள். இந்த வருஷம் வேறு வண்டி வந்தது. கருவியும் ஆளும் இவருக்கு முதுகுப் பக்கம்.

"ஃபெயிலானா ஷிப்ட்ல இருந்து தூக்கிருவாங்க தனம். நாலு நாள் வேலை, நாலு நாள் லீவுன்னு இருந்தாத்தானே கச்சேரிக்குப் போக முடியும்?"

"உங்க நாலு நாள்ல பாதி, திங்கள் செவ்வாய்னு வார நாள்லதானே விழுது? திங்கக்கெழம எவன்ங்க இசைக்குழு வெச்சுக் கல்யாண விருந்து வெக்கிறான்? ஆபீஸ் வேலைன்னா எல்லா சனி ஞாயிறும் லீவு!"

என்னை வாயைப் பிளந்து பார்த்தார். "அலமாக், அட ஆமால்ல" என்றார். இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பாதியில் நின்றும்விட்டது. அப்படியானால் சிவப்பில் காந்தம் சாகவில்லை. மின்சாரமும் சரியாகத்தான் வருகிறது. இவருக்கும் அது தெரிந்திருக்கிறது, வாய்விட்டுச் சொல்லத்தான் பயம். சொல்லிவிட்டால் மாஸ்டர் சொன்ன வேற ஆள் வந்து நிற்பான்.

வெள்ளிக்கிழமை மாலை, அறைக்குக் குடிபோயிருந்த லோஷினி கிட்டாரை எடுத்துக்கொள்ள வந்தாள். "எது ப்பா?" என்றாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

"வாசி, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று இவர் வழக்கம்போல நாற்காலியைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். லோஷினி ஒன்றை எடுத்து மாட்டினாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் கம்பியைத் தொடவில்லை, இவர் முகத்தில் பதில் வந்துவிட்டது. அணைந்திருந்த தொலைக்காட்சித் திரையில் அவளும் அவள் மாட்டியிருந்த வெள்ளைக் கிட்டாரும் அப்படியே தெரிந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. கொடியிலிருந்து பெரிய துவாலையை உருவிக்கொண்டு வந்து திரைமேல் போட்டேன். 

"இப்ப சொல்லுங்க."

"தனம்…"

"நாலு தீபாவளியா? அஞ்சா? ஊரையே ஏமாத்தினீங்களே! இப்ப சொல்லுங்க பாப்போம்."

லோஷினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாசிக்கச் சொன்னேன். கிட்டாரை மாற்றி வாசித்தாள். 

"கறுப்பு" என்றார். சிவப்பு. 

மறுபடி மாற்றினாள். "வெள்ள." கறுப்பு. 

மூன்றாவது முறை மாற்ற வேண்டாமென்று தலையை ஆட்டினார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு துவாலையைப் பார்த்தபடியே சொன்னார். "எல்லாம் ஒண்ணுதான்மா. எதையாவது எடுத்துக்கோ."

இந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து கேட்க இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தேன். கேட்ட அன்று பால் பாயசம் வைப்பேன் என்றுகூட ஒரு தடவை சபதம் போட்டிருந்தேன். இப்போதோ, ஏன்டா அந்தத் துவாலையைப் போட்டோம் என்று இருந்தது. எனக்கு அழுகை வந்தால் முதலில் கத்தல்தான் வரும், கத்தினேன்.

"யாருங்க சொன்னது ஒண்ணுன்னு?"

"நீதானே சொல்லுவ."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! வீம்புக்குச் சொன்னா அதையே புடிச்சுக்குவீங்களா?" 

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முந்தானையை மடித்துக் கண்ணில் வைத்துக் கட்டினேன், என்மேல் யாரும் சந்தேகப்படக் கூடாது பாருங்கள். "நீ வாசிடி" என்றேன்.

வாசித்தாள். "கறுப்பு." மாற்றினாள். "சிவப்பு." மாற்றுவது போலப் பாசாங்கு செய்து அதையே திரும்ப வாசித்தாள் கள்ளி. "அதே சிவப்புதான், என்கிட்டயேவா?" என்றேன். பிறகு வெள்ளை. ஏழு தடவை வாசித்தாள், ஏழும் சரி. முந்தானையை அவிழ்த்துத் திரும்பினால் அப்பாவும் மகளும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"ம்மா, எப்படிம்மா?"

"உங்கப்பா வாசிக்கிறப்பல்லாம் இருட்டுல நின்னது யாரு? கண்ணுக்கு வேலை இல்லன்னா காது சும்மாவா இருக்கும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கிட்டார் வந்த முதல் வாரத்திலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. தெரிகிறது என்று ஒப்புக்கொண்டால் இன்னொன்று வந்துவிடும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

அவர் எழுந்து வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப நீயே சொல்லு. எதைக் குடுக்கலாம்?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் கிட்டார் விஷயத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

கறுப்பை வாசிக்கச் சொன்னேன். "இது உங்களுக்கு எவ்வளவு கேக்குது?" 

தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது கேக்குது தனம். நல்லாவே கேக்குது." 

கறுப்பின் கனமெல்லாம் நடுவில், அதனால் அவருக்கு எட்டுகிறது. சிவப்பின் அழகெல்லாம் உச்சியில். அதை நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குத் தெரியாத கிட்டாரா?

"நாளைக்குக் கறுப்ப எடுத்துட்டுப் போங்க. ட்ரெபிள நான் வெக்கிறேன். நான் வெச்ச எடத்துல இருந்து நீங்க தொடக் கூடாது. மாஸ்டர்கிட்ட எல்லாத்தையும் நானே சொல்றேன்" என்றேன்.

"எல்லாத்தையுமா? முழங்கையையுமா?"

"முழங்கைய விட்டுர்றேன்."

சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு. பிறகு சிவப்பைத் துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த கிட்டார். லோஷினி, "அது வேண்டாம்ப்பா, அது உங்களுது, வெள்ளய எடுத்துக்கிறேன்" என்று பின்வாங்கினாள்.

"இது கேக்குறவங்க கையில இருக்கணும்" என்று சொல்லி வாரை எடுத்து அவள் தோளில் மாட்டினார். "ஒரே ஒரு பாட்டு வாசிச்சுட்டு எடுத்துட்டுப் போ." 

லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். இவர் என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு தனம்?"

"நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னா? எப்படின்னு சொல்லு."

எனக்கு அவருடைய வார்த்தைகளெல்லாம் தெரியாது. யோசித்துப் பார்த்தேன். "எண்ணெய் காஞ்சதும் கடுகு போட்டா, மொதல்ல ஒண்ணு ரெண்டு வெடிக்குமே… அப்படி மேல சின்னச் சின்னதா என்னமோ தெறிக்குது. அவ விரலு பட்றப்பல்லாம்."

கண்ணை மூடிக்கொண்டார். "அதான். அதேதான்" என்றார். தேடித் தேடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவும் தெறிக்குதா?"

"தெறிக்குது."

"இப்ப?"

"இப்பவும்தாங்க."

லோஷினி பாட்டை நிறுத்தவில்லை. முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.